மீண்டும் உருளும் போர் வண்டிகள்

முன்னுரை

எங்கள் வரலாற்று வகுப்பில் இரண்டாம் உலகப் போர் பாடம் நடந்தபோது சிஸ்டர் ஒரு படம் காட்டினார்கள். பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில், ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பழைய போர் ஊர்திகள் வரிசையாகச் செல்லும் காட்சி அது. பளபளக்கும் ஜீப்புகளைக் கண்டு நாங்கள் வியந்தோம். அப்போது என் தோழி எழுந்து, "சிஸ்டர், இத்தனை உயிர்களைக் கொன்ற போரின் வண்டிகளுக்குப் புது வர்ணம் பூசி, கொடி கட்டி ஊர்வலம் விடுவது சரியா?" என்று கேட்டாள். சிஸ்டர் உடனே விடை கூறவில்லை. "நீங்களே படித்துச் சிந்தித்து எழுதுங்கள்" என்றார்கள். அவ்வாறு எழுதியதே இக்கட்டுரை.

கடற்கரையில் நடந்தது

1940 முதல் பிரான்சு செர்மனியின் பிடியில் இருந்தது. அதை மீட்க, 1944 ஜூன் 6 அன்று ஏறத்தாழ 1,56,000 நேச நாட்டு வீரர்கள் கடல் வழியாகவும் வான் வழியாகவும் நார்மண்டியில் இறங்கினர். மாதக்கணக்கில் போர் நீடித்தது. ஏறக்குறைய 20,000 பொதுமக்களும் மாண்டனர். கான் என்னும் நகரத்தின் பெரும்பகுதி குண்டுவீச்சில் தரைமட்டமாயிற்று.

ஜீப்பின் கதை

அப்போரில் எங்கும் காணப்பட்ட ஊர்தி ஜீப். 1940 இல் அமெரிக்க இராணுவம் ஒரு சிறிய வண்டி வேண்டும் என்று கேட்டது. பாண்டம் என்னும் சிறு நிறுவனம் 49 நாட்களுக்குள் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பின்னர் வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 6,00,000க்கும் மேற்பட்ட ஜீப்புகளை உருவாக்கின. நான்கு சக்கரங்களும் இழுப்பதால் சேற்றிலும் மணலிலும் அது ஓடியது. காயமுற்றோரைத் தூக்குப்படுக்கையில் வைத்துச் சுமந்ததும் அதுவே. விடுதலைக்குப் பின் நம் நாட்டில் ஓடிய மகிந்திரா ஜீப்பும் இந்த வில்லிஸ் குடும்பத்தில் வந்ததுதான்.

ஜீப்புடன் பெரிய லாரிகளும் ஓடின. முன்னேறிய படைகளுக்குப் பெட்ரோலும் உணவும் சுமந்த 'ரெட் பால்' லாரித் தொடரின் ஓட்டுநர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் கறுப்பின வீரர்கள்.

மீண்டும் உயிர் பெறுதல்

போர் முடிந்ததும் பல ஊர்திகள் விற்கப்பட்டு, பண்ணைகளிலும் பட்டறைகளிலும் உழைத்தன. துருப்பிடித்துக் கிடந்தவற்றை ஆர்வலர்கள் தேடி வாங்குகின்றனர். வர்ணத்தை அடுக்கடுக்காகத் தேய்த்து, அடியில் மறைந்துள்ள பழைய இராணுவ எண்ணைக் கண்டுபிடிக்கின்றனர். போர்டு நிறுவனம் தன் ஜீப்பின் போல்ட்டுகளில்கூட தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்தது. அந்த முத்திரை உள்ள போல்ட்டுக்காகவே ஆண்டுக்கணக்கில் அலைவோரும் உண்டு. இறுதியில் வெள்ளை நட்சத்திரம் வரைந்து, ஜூன் மாதத்தில் நார்மண்டிக்கு ஓட்டி வருகின்றனர். இங்கிலாந்திலிருந்து வருவோர் வண்டிகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டு வருகின்றனர்.

சாந்த் மேர் எக்லீஸ் என்னும் சிற்றூரில் ஆலயத்தைச் சுற்றி ஜீப்புகள் நிற்கும். அவ்வாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றில், குழந்தை இயேசுவை ஏந்திய அன்னை மரியாவைச் சுற்றிப் பாராசூட் வீரர்கள் இறங்குவதுபோல் தீட்டப்பட்டுள்ளது.

தோழியின் வினாவிற்கு விடை

என் தோழியின் அச்சம் வீணானதன்று. இசையும் கொடியும் சேர்ந்தால் போர் ஒரு திருவிழாவைப் போலத் தோன்றிவிடும். புதிதாக வர்ணம் பூசிய வண்டியில் இரத்தக்கறை இல்லை.

ஆயினும் ஜீப்பைக் கூர்ந்து பாருங்கள். அதற்குக் கதவு இல்லை. இரும்புக் கூரை இல்லை. முன் கண்ணாடியும் மடக்கி வைக்கக் கூடியதே. பெட்ரோல் தொட்டியோ ஓட்டுநரின் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. நம் அண்ணன்மாரின் வயதுடைய இளைஞர்கள் இதில் அமர்ந்துதான் குண்டு மழைக்குள் சென்றனர். இதனைப் படித்தபோது, 'எவ்வளவு வீரம்' என்பதைவிட 'எவ்வளவு பயந்திருப்பார்கள்' என்றே எனக்குத் தோன்றியது. பாடநூலில் எண்ணிக்கையாக இருந்தவர்கள் மனிதர்களாகத் தெரிந்தனர்.

1944 இல் 18 வயதில் கரையேறியவருக்கு, 80 ஆம் ஆண்டு நினைவு விழா நடந்த 2024 இல் 98 வயது. கண்டவர்கள் மறைந்து வருகிறார்கள். இனி அவர்களுக்காகப் பேசப் பொருள்களே மிஞ்சும்.

முடிவுரை

நார்மண்டியில் ஒமாகா கடற்கரைக்கு மேலே உள்ள அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் 9,300க்கும் மேற்பட்ட வெண்கற்கள் நிற்கின்றன. சற்றுத் தொலைவில் லா காம்ப் என்னுமிடத்தில் 21,000க்கும் மேற்பட்ட செர்மானிய வீரர்கள் துயில்கின்றனர். அவர்களும் தாய்மார் பெற்ற பிள்ளைகளே.

எனவே, தோழியே, என் விடை இதுதான். ஊர்வலம் கடைவீதியோடு முடிந்தால் அது வெறும் வேடிக்கை. இந்தக் கல்லறைகளின் வாயிலில் எஞ்சினை நிறுத்தி, இருதரப்பாருக்கும் பொதுமக்களுக்கும் தலைவணங்கினால் அது அஞ்சலி. அன்று மரணத்தை நோக்கி ஓடிய வண்டிகள் இன்று நம்மை அமைதியை நோக்கி அழைத்துச் செல்லட்டும்!

– பத்தாம் வகுப்பு மாணவி