மணல் ஆக்கும் மீன்

இலட்சத்தீவுகளின் நிலப்பரப்பு ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டரே ஆகும். அந்நிலம் மலை தேய்ந்தோ ஆறு கொணர்ந்தோ உண்டானதன்று. பவழச் சுண்ணாம்பு மணலால் ஆயது. இத்தகைய மணலை உண்டாக்குவதில் ஒரு மீன் குடும்பத்துக்குப் பெரும்பங்கு உண்டு. கிளிமீன்கள் எனப்படும் இவற்றில் ஏறக்குறைய நூறு இனங்கள் வெப்பக் கடல்களில் வாழ்கின்றன.

இவற்றின் பற்கள் ஒன்றிணைந்து கிளியின் அலகை ஒத்திருக்கும். பாறையின் மேல் படர்ந்த பாசியையும் நுண்ணுயிர்களையும் உண்ணும்போது சுண்ணாம்பையும் சேர்த்தே சுரண்டி எடுக்கின்றன. கடிக்கும் ஓசை, நீரில் மூழ்குவோருக்குத் தெளிவாகக் கேட்கும். தொண்டையில் அமைந்த பல் வரிசைகள் சுண்ணாம்பை மாவாக அரைக்கின்றன. இம்மீன்களுக்கு இரைப்பை கிடையாது. அரைபட்டது நேரே குடலின் வழியே மணலாகக் கழிகிறது. மாலத்தீவுகளில் வக்கரு என்னும் தீவின் பவழத்திட்டில் ஆண்டுதோறும் புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காடு கிளிமீன்களால் வருவது என 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இலட்சத்தீவுகளும் அதே கடலடித் தொடரின் மீது அமைந்தவையே.

1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் மிகையாக வெப்பமுற்று இலட்சத்தீவுகளின் பவழங்கள் வெளுத்தன. மடிந்த பவழத்தின் மேல் பாசி விரைந்து படரும். பாசி மூடிய பாறையில் இளம் பவழம் ஒட்டி வளர்வது அரிது. மேய்ந்து இடத்தைத் துப்புரவு செய்பவை கிளிமீன்களும் அவை போன்ற தாவர உண்ணிகளுமே.

இவற்றின் இனப்பெருக்க முறை, மீன்வள அலுவலர்கள் சிறப்பாகக் கருத வேண்டியது. பெரும்பாலான இனங்களில் மீன் பெண்ணாக முதிர்ந்து, பின்னர் ஆணாக மாறுகிறது. மங்கிய நிறம் நீங்கிப் பச்சையும் நீலமும் பொலிகின்றன. இந்நிற வேறுபாட்டால் ஒரே இனத்தின் இரு பருவங்களை வெவ்வேறு இனங்களாக அறிஞர்கள் பெயரிட்டதும் உண்டு. ஆகவே, சிறிய மீனை விட்டுப் பெரியதைப் பிடிக்கலாம் என்னும் வழக்கமான விதி இங்குப் போதாது. அவ்விதிப்படி பிடிபடுபவை பெரிதும் ஆண்களே. தவிர, மிகுதியாகச் சுரண்டி மணலாக்குபவையும் பெரிய மீன்களே.

இரவில் இவை பாறை இடுக்குகளில் அசைவின்றி உறங்கும். சில இனங்கள் உடலைச் சுற்றிச் சளியுறை அமைத்துக்கொள்வதும் உண்டு. பகலில் அகப்படாத மீனை இரவில் விளக்கொளியில் குத்தி எடுப்பது எளிது. பசிபிக் தீவுகள் பலவற்றில் மிகப் பெரிய இனமான திமில் கிளிமீன் இவ்வாறே அருகிப் போயிற்று.

இலட்சத்தீவுகளில் நெடுங்காலம் பாறை மீன்கள் அதிகம் பிடிக்கப்படாமைக்கு அரசின் வளர்ச்சிப் பணியும் ஒரு காரணம் என்பது பலர் அறியாதது. மினிக்காய் மக்கள் கையாண்ட தூண்டிற்கோல் முறைச் சூரை மீன்பிடிப்பை 1960களிலிருந்து மீன்வளத் துறை ஏனைய தீவுகளிலும் பரப்பியது. மீனவர்களின் உழைப்பு ஆழ்கடலை நோக்கிச் சென்றது. அண்மைக் காலத்தில் வெளிச்சந்தையின் தேவையால் பாறை மீன்பிடிப்பு மீண்டும் பெருகி வருகிறது. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாடு 2009இல் கிளிமீன் பிடிப்பதை முற்றிலும் தடை செய்தது. நம் தீவுகளில் முழுத் தடை உடனே இயலாதெனினும், இரவில் குத்திப் பிடிப்பதைத் தடுப்பதும், இறங்குதுறைக் கணக்கில் கிளிமீனை 'இதர மீன்கள்' என்று சேர்க்காமல் இனவாரியாகப் பதிவு செய்வதும் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை.