கழற்றுவதும் ஒரு மாற்றமே

அன்புள்ள தம்பிக்கு,

அடுத்த மாதம் முதல் சர்வர்களுக்கு அப்டேட் போடும் வேலையைத் தனியாகப் பார்க்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. கூடவே, "அப்டேட் போட்டுப் பிரச்சினை வந்தால் அன்இன்ஸ்டால் செய்துவிட்டால் போதாதா அண்ணா, அதற்கும் எதற்குத் தனியாக ஒரு திட்டம்?" என்றும் கேட்டிருந்தாய். இதே எண்ணத்தில் ஒரு பெரிய வங்கிக் குழுமமே இறங்கிச் சிக்கிக்கொண்டது. அதனால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

2012 ஜூனில் பிரிட்டனின் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில் நடந்த கதை அது. வாடிக்கையாளர் கணக்குகளை இரவில் புதுப்பிக்கும் ஜாப்களை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருளுக்கு அப்டேட் போட்டார்கள். போட்ட பிறகு சில கோளாறுகள் கண்ணில் பட்டன. உடனே அப்டேட்டைக் கழற்ற முடிவெடுத்தார்கள். கழற்றினால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. புதிய பதிப்புக்கும் பழைய பதிப்புக்கும் ஒத்துப்போகாது என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. நாட்வெஸ்ட், அல்ஸ்டர் வங்கி உட்பட அந்தக் குழுமத்தின் வாடிக்கையாளர்கள் 65 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தவித்தார்கள். கணக்கைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கடன் தவணை உரிய நாளில் போய்ச் சேரவில்லை. வெளிநாடு போயிருந்தவர்கள் கையில் காசில்லாமல் நின்றார்கள். 2014 நவம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 5.6 கோடி பவுண்டு அபராதம் விதித்தன.

இதில் ஒன்றைக் கவனி. அப்டேட் போட்டதால் வந்தவை சில கோளாறுகள். பெரும் சேதம் வந்தது, சோதிக்காமல் கழற்றியபோது.

ஏன் இப்படி ஆகிறது? அப்டேட் போட்ட நொடிக்கும் கழற்றும் நொடிக்கும் நடுவில் சர்வர் சும்மா இருப்பதில்லை. புதிய பதிப்பு தன் வழியில் கோப்புகளை எழுதுகிறது, டேபிள்களை மாற்றுகிறது, அமைப்புகளைத் திருத்துகிறது. நீ கழற்றும்போது திரும்பி வருவது பழைய நிரல் மட்டும்தான். புதிய பதிப்பு எழுதிவைத்த தரவு அப்படியே கிடக்கும். அதைப் பழைய நிரலுக்குப் படிக்கத் தெரியுமா என்பதுதான் உன் முதல் கேள்வியாக இருக்கவேண்டும். ஆரக்கிள் டேட்டாபேஸில் இது பளிச்சென்று தெரியும். ஓபேட்ச் கருவியால் ரோல்பேக் செய்தால் சர்வரில் உள்ள மென்பொருள் கோப்புகள் பழைய நிலைக்குப் போகும். டேட்டாபேஸுக்குள் அந்தப் பேட்ச் செய்த மாற்றங்களை விலக்க, அதன் பிறகு டேட்டாபேட்ச்சைத் தனியாக ஓட்டவேண்டும். முதல் படியோடு நிறுத்திவிட்டால் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள்.

அடுத்த கேள்வி: குற்றவாளி இந்தப் பேட்ச்தானா? அதே 2012 ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் புதிய நிரலைப் போடவேண்டியிருந்தது. ஏழில் சரியாகப் போட்டார்கள், எட்டாவது விட்டுப்போயிற்று. அதில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு கண்டபடி பங்குகளை வாங்கி விற்கத் தொடங்கியது. பதற்றத்தில் அவர்கள் செய்த காரியம், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலைக் கழற்றியது. ஒரு சர்வரில் இருந்த கோளாறு எட்டுக்கும் பரவியது. சுமார் 45 நிமிடங்களில் நடந்த வர்த்தகத்தால் வந்த நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல். ஆகவே லாக்கைப் படி. கோளாறு தொடங்கிய நேரத்தையும் பேட்ச் போட்ட நேரத்தையும் ஒப்பிடு. எல்லா சர்வர்களிலும் ஒரே பதிப்புதான் இருக்கிறதா என்று எண்ணிப் பார். அன்றிரவே வேறு யாராவது ஃபயர்வாலையோ சான்றிதழையோ மாற்றினார்களா என்று விசாரி.

மூன்றாவது கேள்வி: கழற்றினால் எந்தக் கதவு திறக்கும்? 2022 ஜனவரி 11 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அப்டேட்டுகளால் பல இடங்களில் டொமைன் கன்ட்ரோலர்கள் மீண்டும் மீண்டும் ரீபூட் ஆயின. கழற்றினால் அது நிற்கும். ஆனால் விண்டோஸ் சர்வர் 2022க்கான அதே தொகுப்பில்தான், இயந்திரம் விட்டு இயந்திரம் தானாகப் பரவக்கூடிய ஓர் எச்டிடிபி ஓட்டைக்கான மருந்தும் இருந்தது. மாதாந்திரத் தொகுப்பில் ஒன்றை மட்டும் உருவ முடியாது. கழற்றினால் அத்தனையும் போகும். ஜனவரி 17 அன்று மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தத்தை வெளியிட்டது. அதுவரை கழற்றியே வைத்திருப்பதா, இணையத்தைப் பார்த்து நிற்கும் சர்வரில் மட்டும் பேட்ச்சை விட்டுவைப்பதா என்பதைப் பாதுகாப்புக் குழுவோடு பேசித்தான் முடிவு செய்யவேண்டும். நீ ஒருவனாக எடுக்கும் முடிவில்லை அது.

இனிக் கழற்றும் முறை. விண்டோஸில் இப்போதைய மாதாந்திர அப்டேட்டுகள் சர்வீசிங் ஸ்டாக்கையும் சேர்த்தே வருகின்றன. அதனால் 'வூசா' கட்டளையால் அந்தத் தொகுப்பைக் கழற்ற முடியாது. 'டிஸம்' கட்டளையால் தொகுப்புகளைப் பட்டியலிட்டு, மாதாந்திர அப்டேட்டின் முழுப் பெயரை எடுத்து, அதைக் கொண்டு நீக்கு. சர்வீசிங் ஸ்டாக் மட்டும் அப்படியே தங்கிவிடும். அதைக் கழற்ற வழியில்லை. இடம் மிச்சம் பிடிக்க யாராவது 'ரீசெட்பேஸ்' சேர்த்து கிளீனப் ஓட்டியிருந்தால், அதற்கு முன் போட்ட எதையும் கழற்ற முடியாது. இதை முன்பே தெரிந்துவைத்துக்கொள்.

லினக்ஸில் கர்னல் எளிது. ரெட் ஹேட் சர்வர்களில் பழைய கர்னல்கள் வழக்கமாக டிஸ்கிலேயே இருக்கும். பூட் மெனுவில் தேர்ந்தெடுத்தால் போதும். மற்ற பேக்கேஜ்களுக்கு 'டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ' உண்டு. ஆனால் பழைய பதிப்பு உங்கள் ரெப்போவில் இருந்தால்தான் அது பலிக்கும். ஜிலிப்சி போல எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதைக் கீழிறக்கத் துணியாதே.

ஸ்னாப்ஷாட் இருக்கிறதே என்பாய். வெப் சர்வருக்குச் சரி. டேட்டாபேஸ் சர்வரில் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், அதற்குப் பின் வந்த ஆர்டர்களும் ரசீதுகளும் மறைந்துபோகும். டொமைன் கன்ட்ரோலரைப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குக் கொண்டுபோனால், பொருத்தமான பாதுகாப்பு வசதி இல்லாத ஹைப்பர்வைசரில் மாற்றங்களை எண்ணிவைக்கும் அதன் கணக்கே மற்ற கன்ட்ரோலர்களோடு முரண்படும்.

எதைக் கழற்றினாலும் ஒரே சர்வரில் தொடங்கு. கிளஸ்டர் என்றால், வேலை ஓடாத நோடில் முதலில். ரீபூட்டில் சர்வர் எழவில்லை என்றால் உள்ளே போக கன்சோல் வழியும், பிட்லாக்கர் ரெகவரி கீயும் கையில் இருக்கட்டும். 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, நீக்கவேண்டியிருந்தது ஒரே ஒரு கோப்புதான். அந்தக் கீயைத் தேடியே பலர் அலைந்தார்கள். சர்வர் எழுந்ததும் பதிப்பு எண்ணைச் சரிபார். சர்வீஸ்கள் ஓடுவதைப் பார்த்ததோடு விடாதே. அந்த சர்வரைப் பயன்படுத்தும் துறையில் ஒருவரை உண்மையான ஒரு பில் போட்டுப் பார்க்கச் சொல். கழற்றிய அப்டேட் அன்றிரவே தானாகத் திரும்ப ஏறாதபடி அப்டேட் சர்வரில் தடுத்துவை. திருத்திய பதிப்பைப் போடுவதற்கான தேதியை டிக்கெட்டில் எழுதிவிடு. தேதி இல்லாமல் கழற்றிய பேட்ச், மறந்துபோன ஓட்டையாகிவிடும்.

இவை எல்லாவற்றையும் அப்டேட் போடுவதற்கு முன்பே எழுதிவைக்கவேண்டும் என்பதுதான் நான் சொல்லவந்தது. இரவு இரண்டு மணிக்கு, மேலாளர் போனில் காத்திருக்கும்போது, யாருக்கும் தெளிவாக யோசிக்க வராது. இந்த மாத அப்டேட்டை டெஸ்ட் சர்வரில் போடு. ஒரு நாள் முழுக்க வேலை ஓடட்டும். புதுத் தரவு சேரட்டும். பிறகு கழற்றிப் பார். எத்தனை நிமிடம் ஆயிற்று, எது உடைந்தது என்று குறித்துக்கொள். அந்தக் குறிப்பு உன் சேஞ்ச் டிக்கெட்டில் ஏறாதவரை, புரொடக்‌ஷன் சர்வரில் அப்டேட் போட ஒப்புதல் கேட்காதே.

அன்புடன்,
அண்ணன்