பூட்டிய வீடு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு வீடு பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. யாரோ உள்ளே போய் எடுத்த வீடியோவில் சுவர்ப் படங்களும் பழைய காலண்டரும் தெரிகின்றன. அதை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியுமா? ஆளில்லா வீடு அரசுக்குப் போய்விடுமா?
- ஒரு வாசகர், செந்துறை

பதில்: காலண்டர் அந்த வீட்டில் யாரோ கடைசியாக இருந்த வருடத்தைச் சொல்லலாம், உரிமையாளரைச் சொல்லாது. அதற்குப் புல எண்ணை வைத்துப் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பாருங்கள். உங்கள் செந்துறை இன்று அரியலூர் மாவட்டத்தில் இருந்தாலும், பழைய பத்திரங்களில் 'திருச்சி மாவட்டம்' என்றிருந்தால் குழம்ப வேண்டாம். பெரம்பலூர் 1995-லும் அரியலூர் 2001-லும்தான் தனி மாவட்டங்களாயின. அரியலூர் 2002-ல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தது.

வீடு பூட்டிக் கிடப்பதாலேயே உரிமை போய்விடாது. வாரிசே இல்லையென்றால்தான் சொத்து அரசைச் சேரும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 29-ம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. 12 வருடம் வெளிப்படையாக, தொடர்ச்சியாக, உரிமையாளருக்கு எதிராக அனுபவித்தவர் எதிரிடை அனுபோகம் கோரலாம். அரசு நிலமென்றால் 30 வருடம். நிரூபிக்கும் பொறுப்பு கோருபவருடையது.

அனுமதியில்லாமல் உள்ளே போனால் வழக்கு வரலாம். சுவரில் உள்ள முகங்களைப் பகிர்ந்து ஆள் தேடுவதும் வேண்டாம். வெளிநாட்டில் உழைக்கும் குடும்பத்தின் வீடாக இருந்தால், ஆளில்லை என்ற செய்தியைத் திருடனுக்கு நீங்களே சொன்னதாகிவிடும். சந்தேகமிருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.