கண்ணுக்குப் புதிது, கைக்குப் பழையது

அன்புள்ள தம்பி,

பொங்கல் காசையும் பிறந்தநாள் காசையும் சேர்த்து வைத்து வாங்கிய கேம் மூன்றே நாளில் அலுத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். "பாக்க அவ்வளவு அழகா இருக்கு, ஆனா செஞ்சதையே திரும்பத் திரும்பச் செஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்ற வரியில் ஏமாற்றம் மட்டும் இல்லை, ஒரு சங்கடமும் தெரிந்தது. இத்தனை அழகை ரசிக்க முடியாதது உன்னுடைய குறையோ என்று யோசித்திருக்கிறாய். அப்படி நினைக்கவே வேண்டாம். உனக்கு நேர்ந்தது 2016 ஆகஸ்டில் பல நாடுகளில், ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய ஒரே வாரத்தில் நேர்ந்தது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் உன் அலுப்பு எங்கிருந்து வந்தது என்பது பிடிபடும்.

இங்கிலாந்தில் லண்டனுக்குத் தென்மேற்கே கில்ட்ஃபோர்டு என்றொரு ஊர். அங்கே ஹலோ கேம்ஸ் என்ற மிகச் சிறிய நிறுவனம், 'ஜோ டேஞ்சர்' என்ற பைக் சாகச கேமை 2010-இல் வெளியிட்டுக் கொஞ்சம் பெயர் வாங்கியிருந்தது. 2013 டிசம்பரில் ஒரு விருது விழாவில் அவர்களுடைய அடுத்த கேமின் டிரெய்லர் ஓடியது. கடலடியில் மீன்கள் நீந்துகின்றன. பார்வை மெல்ல மேலே எழுந்து கரைக்கு வருகிறது. விநோதமான விலங்குகள், ராட்சசப் புழு, விண்கலம். அந்தக் கலம் அப்படியே கிளம்பி மேகத்தைக் கிழித்து விண்வெளிக்குப் போய்விடுகிறது, நடுவே ஒரு லோடிங் திரைகூட இல்லை. 'நோ மேன்ஸ் ஸ்கை' என்று பெயர் வந்தபோது பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் செய்த வேலை அது. அதே மாதம் 24-ஆம் தேதி அவர்களுடைய அலுவலகத்துக்குள் வெள்ளம் புகுந்து கணினிகள் நாசமாயின. அதற்குப் பிறகும் விடாமல் உட்கார்ந்து செய்தார்கள்.

எல்லோரையும் கட்டிப்போட்டது ஓர் எண். அந்தக் கேமில் உள்ள கோள்களின் எண்ணிக்கை 18,446,744,073,709,551,616. சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு நான்கு என்று இரட்டித்துக் கேட்டு ராஜாவின் களஞ்சியத்தையே காலி செய்த புலவரின் கதை உனக்குத் தெரியும். 64 கட்டங்களுக்கும் சேர்த்து அந்தப் புலவருக்குச் சேர வேண்டிய நெல்மணிகளைவிட இந்தக் கோள்கள் ஒன்றே ஒன்று கூடுதல். ஒவ்வொரு கோளுக்கும் 64 பிட் அளவில் ஓர் எண் தருகிறார்கள். ஒவ்வொரு பிட்டும் பூஜ்ஜியமாகவோ ஒன்றாகவோ இருக்கலாம். ஆக இரண்டை 64 முறை பெருக்கினால் இந்தத் தொகை வந்துவிடுகிறது. நொடிக்கு ஒரு கோள் வீதம் எட்டிப் பார்த்தாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இத்தனை கோள்களை யாரும் உட்கார்ந்து வரையவில்லை. எந்த டிஸ்க்கிலும் அவை சேமித்து வைக்கப்படவும் இல்லை. நீ ஒரு கோளை நெருங்கும்போது அதற்குரிய எண்ணை விதையாகக் கொண்டு கணினி அந்த நொடியில் மலையையும் கடலையும் புல்லையும் கணக்கிட்டு உண்டாக்குகிறது. விலகிப் போனால் அது மறைந்துவிடும். திரும்பி வந்தால் அதே எண் அதே கோளை மறுபடி தரும். இந்த வித்தைக்கு ஒரு முன்னோடி கென் பெர்லின். கணினி வரையும் பரப்புகள் பிளாஸ்டிக்போல் வழவழவென்று இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மேகத்துக்கும் பாறைக்கும் இருக்கிற இயற்கையான ஒழுங்கின்மையைச் சூத்திரமாக்கி 1985-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அதற்காக ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருது 1997-இல் அவருக்குக் கிடைத்தது.

2016 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்காவில் கேம் வெளியானது. விலை 60 டாலர். மூன்று நாள் கழித்துக் கணினிப் பதிப்பு வந்த அன்று, ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஒரு மணி நேரம் உண்மையிலேயே அற்புதம். ஊதாப் புல்வெளி, இரண்டு நிலா, மான் உடம்பில் வேறேதோ தலை. இன்னொரு மனிதக் கண் பார்த்திராத இடத்தில் நிற்கிறோம் என்ற சிலிர்ப்பு. அதைப் பொய் என்று சொல்லவே கூடாது. அதன் பின்னால் இருந்த உழைப்பு நேர்மையான உழைப்பு.

பிறகு வேலை ஆரம்பிக்கும். கையிலிருக்கும் கருவியால் பாறையை உடைக்க வேண்டும், செடியிலிருந்து கார்பன் எடுக்க வேண்டும். பை நிறைந்துவிடும், எதையாவது விற்க வேண்டும். கலம் கிளம்ப எரிபொருள் தீர்ந்திருக்கும், அதற்கு மறுபடி பாறை. அடுத்த நட்சத்திரத்துக்குத் தாவ வேறோர் எரிபொருள், அதைச் செய்ய இன்னும் சில பொருள்கள். தாவி இறங்கினால் இந்த முறை ஆரஞ்சு நிறப் புல். அங்கேயும் அதே வட்டக் கதவு, அதே மேசை, மேசைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் அதே வேற்றுக்கிரகவாசி. மறுபடி பாறை, மறுபடி கார்பன். பால்வெளியின் மையத்தை அடைவதே இலக்கு என்று நம்பி வாரக்கணக்கில் பயணம் செய்தவர்களும் உண்டு. மையத்தைத் தொட்டதும் அந்தக் கேம் அவர்களை இன்னொரு பால்வெளியில், பழுதான கருவிகளோடு, தொடக்கத்திலிருந்து நிறுத்தியது.

வெளியான சூட்டோடு இன்னொன்றும் நடந்தது. இரண்டு ஆட்டக்காரர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே கோளின் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியவில்லை. மற்றவர்களைச் சந்திக்க முடியும் என்று வெளியீட்டுக்கு முன் நேர்காணல்களில் பேசப்பட்டிருந்ததால் கோபம் வெடித்தது. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் வரை புகார் போனது. அந்த ஆணையம் விசாரித்து, விளம்பரம் தவறில்லை என்று 2016 நவம்பரில் முடிவு சொன்னது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் ஆட்டக்காரர்களின் அலுப்பு விளம்பரத்தால் வந்ததல்ல. விளம்பரமே பார்க்காமல் வாங்கியவருக்கும் பத்தாவது கோளில் கொட்டாவி வந்திருக்கும்.

ஏன் என்பதற்கு கேட் காம்ப்டன் என்ற வடிவமைப்பாளர் தந்த உவமை பொருத்தமானது. 'ஸ்போர்' என்ற கேமில் பணியாற்றியவர் அவர். பத்தாயிரம் கிண்ணம் ஓட்ஸ் கஞ்சியை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். எந்த இரண்டு கிண்ணத்திலும் ஓட்ஸ் பருக்கைகள் ஒரே மாதிரி கிடக்காது. கணக்கின்படி பத்தாயிரமும் வெவ்வேறு. சாப்பிடுகிறவருக்கோ எல்லாமே கஞ்சி. இதை அவர் எழுதியது 2016-இன் தொடக்கத்தில், நோ மேன்ஸ் ஸ்கை வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு.

இதையே பள்ளியில் படித்த இலக்கணத்தை வைத்தும் பார்க்கலாம். சிவந்த கோள், பனி படர்ந்த கோள், நச்சு மழை பெய்யும் கோள் என்று அந்தக் கேமில் பெயரடைகள் கோடிக்கணக்கில் இருந்தன. வினைச்சொற்களை எண்ணினால்? நடப்பது, பறப்பது, தோண்டுவது, ஸ்கேன் செய்வது, சுடுவது, விற்பது. அவ்வளவுதான். கணினி இரவும் பகலும் புதிது புதிதாகச் செய்துகொடுத்ததெல்லாம் கண்ணுக்கு. கைக்கு முதல் நாள் கொடுத்த வேலையேதான் கடைசி நாளும். மூளை சும்மா இருக்காது, தம்பி. ராஃப் காஸ்டர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் விளையாட்டின் இன்பம் பற்றியே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இது: ஆடும்போது நமக்குள் எழும் மகிழ்ச்சி கற்றுக்கொள்வதன் மகிழ்ச்சி, கற்க இனி ஒன்றுமில்லை என்று மூளை கண்டுகொண்ட இடத்தில் அலுப்பு தொடங்குகிறது. மூன்றாம் நாள் உனக்கு அலுத்தது என்றால் வாங்கிய கேமை நீ நன்றாகக் கற்று முடித்துவிட்டாய் என்றே அர்த்தம்.

விதியிலிருந்து வடிவம் பிறப்பது நம் வீட்டு வாசலுக்கு நெருக்கமான விஷயம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தாம்பரத்தில் இருக்கும் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் 1970-களில் கோலத்தைக் கணினியியலின் மொழி இலக்கணமாக ஆராய்ந்தார்கள். சில அடிப்படைக் கூறுகளும் அவற்றைக் கோக்கும் விதிகளும் இருந்தால் எத்தனை எத்தனை கோலங்கள் விளையும் என்பதைக் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். செடி வளர்வதை இதே போன்ற விதிகளால் வரையும் முறையைக் கணினி ஓவியத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான பிரஷெமிஸ்லாவ் புருசின்கீவிச்சும் கோலத்தை எடுத்துக்காட்டாகக் கையாண்டார். விதிகளால் காடு மலை உண்டாக்கும் இன்றைய கேம்களுக்கு அந்த ஆய்வுகள் உறவுமுறைதான்.

பதினைந்து புள்ளி வைத்து எட்டு வரை குறையும் இடுக்குப் புள்ளிக் கோலத்தை அம்மா போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார். அவருக்கு அலுக்காது. கம்பி எங்கே வளைய வேண்டும், எங்கே சிக்கு விழும் என்று ஒவ்வொரு புள்ளியிலும் கை ஏதோ முடிவு எடுத்துக்கொண்டே இருக்கிறது. நாளைக்கு இரண்டு புள்ளி கூட்டினால் கைக்குப் புது வேலை. அதே கோலத்தை ஓர் இயந்திரம் ஆயிரம் விதமாக அச்சடித்துக் கொடுத்தால், இருபதாவது தாளைத் தாண்டுவதற்குள் நாம் புரட்டுவதை நிறுத்திவிடுவோம்.

இந்த ஆபத்தை முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. 1984-இல் டேவிட் பிராபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினிக்கு 'எலீட்' என்ற விண்வெளி வணிக கேமைச் செய்தார்கள். அவர்களும் எண்ணை விதையாக வைத்தே கோள்களை உண்டாக்கினார்கள். 281 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட பால்வெளிகளைத் தர அவர்களுடைய சூத்திரத்தால் முடியும். வெளியீட்டாளரான ஏக்கார்ன்சாஃப்ட் வேண்டாம் என்று தடுத்தது. இவ்வளவு கொடுத்தால் எல்லாம் ஒரே அச்சு என்பது ஆடுகிறவருக்குத் தெரிந்துபோகும் என்பது அவர்கள் கவலை. கடைசியில் எட்டே பால்வெளி, ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். கைவசம் இருந்ததை வேண்டுமென்றே குறைத்துக்கொண்ட அந்த முடிவு கேம் வரலாற்றில் மிகப் பெரிய புத்திசாலித்தனங்களில் ஒன்று.

திரும்பத் திரும்பச் செய்வதே தவறு என்று மட்டும் முடிவு கட்டிவிடாதே. 2019-இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' கேமில் 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடிக்கிறது, எல்லாம் முதலிலிருந்து. கோள்கள் ஒரு கை விரல்களுக்குச் சற்று மேல், அத்தனையும் கையால் செய்தவை. ஒன்றிலிருந்து அதன் இரட்டைக் கோளுக்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கிறது, இன்னொன்று துண்டு துண்டாக உடைந்து தன் நடுவிலுள்ள கருந்துளைக்குள் விழுகிறது. புதிய ஆயுதம் கிடையாது, கலமும் பலம் கூடாது. போன சுற்றில் தெரிந்துகொண்டது ஒன்றுதான் அடுத்த சுற்றுக்குக் கூட வரும். அதனாலேயே நூறாவது முறை அதே கலத்தில் ஏறும்போதும் ஆடுகிறவர் வேறு ஆளாக ஏறுகிறார். அலெக்ஸ் பீச்சம் என்ற மாணவரின் முதுகலை ஆய்வேடாகத் தொடங்கிய அந்த கேம் பாஃப்டாவின் சிறந்த கேம் விருதை 2020-இல் வென்றது.

ஹலோ கேம்ஸுக்கு என்ன ஆனது என்று கேட்பாய். சில மாதங்கள் மௌனமாக இருந்தார்கள். 2016 நவம்பர் இறுதியில் வீடு கட்டும் வசதியோடு முதல் பெரிய அப்டேட் வந்தது. 2017-இல் தரை வாகனம், 2018 ஜூலையில் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்துக் கூட்டாக ஆடும் வசதி, 2021-இல் ஆட்டக்காரர் நிர்வகிக்கும் குடியிருப்புகள். எதற்கும் கூடுதல் காசு வாங்கவில்லை. கோள்களின் எண்ணிக்கையை உயர்த்துவது இவற்றின் நோக்கமாக இல்லை என்பதைக் கவனி. கட்டுவது, ஓட்டுவது, சேர்ந்து போவது, பராமரிப்பது என்று வினைச்சொற்களைச் சேர்த்தார்கள். தொடர்ந்து வளரும் கேம்களுக்கான விருது 2020-இல் நோ மேன்ஸ் ஸ்கைக்குக் கிடைத்தது. ஸ்டீமில் ஒரு காலத்தில் வசைமாரி வாங்கிய அந்த கேமின் ஒட்டுமொத்த மதிப்பீடு 2024 நவம்பரில் 'மிக நன்று' என்ற படிக்கு ஏறியது. எட்டு ஆண்டு உழைப்பு அது. ஆனாலும் 2016-இல் முழு விலை கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போனவர்களின் ஏமாற்றம் நியாயமானது, பின்னால் வந்த வெற்றி அதை அழித்துவிடாது.

அடுத்த கேம் வாங்குமுன் டிரெய்லரை ஒதுக்கிவிட்டு, யாராவது அதைப் பதினைந்தாவது மணி நேரத்தில் ஆடும் வீடியோவைத் தேடிப் பார். படத்தைப் பார்க்காதே, ஆடுகிறவரின் கை என்ன செய்கிறது என்று மட்டும் பார். முதல் மணி நேரத்தில் செய்ததையே செய்கிறதா, முன்பு செய்யத் தெரியாத எதையாவது இப்போது செய்கிறதா? முடிந்தால் ஒலியை நிறுத்திவிட்டுப் பார், இசை நம்மை எளிதில் ஏமாற்றிவிடும்.

இப்போது கையிலிருக்கும் கேமைத் தூக்கிப் போட்டுவிடாதே. பிளஸ் டூ முடித்துக் கேம் உருவாக்கப் படிக்கப் போவதாகச் சொல்லியிருந்தாய் அல்லவா, உனக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் சுலபத்தில் அமையாது. ஒரு நோட்டு எடுத்து நடுவே கோடு போடு. இடப்பக்கம் அரை மணி நேரத்தில் கண் பார்த்த புதுமைகள், வலப்பக்கம் கை செய்த வினைகள். பிறகு வலப்பக்கத்தில் ஒரே ஒரு வினையைச் சேர்க்க உனக்கு அனுமதி கிடைத்தால் எதைச் சேர்ப்பாய் என்று யோசித்துக் கீழே எழுது. ஒன்றுதான், இரண்டு கூடாது. அந்தத் தாளை அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்