ஆனைமங்கலத்தை முழுதாகப் படி

பந்திங்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ வாட்சப்பில் அனுப்பிய அத்தியாயத்தை அச்செடுத்துப் படித்தேன். நடை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அடிக்குறிப்பில் பாதி யூடியூப். என் தலைமுறையில் ‘கடல் புறா’ படித்துவிட்டுச் சோழர் வரலாறு பேசியவர்கள் ஏராளம். உங்களுக்குக் காணொளி வாய்த்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்தை வென்றான் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறாய். அந்த எண் எந்தச் சோழர் கல்லிலும் கிடையாது. கல்வெட்டில் இருப்பது ஆட்சியாண்டு. கடல் கடந்த படையெடுப்பு அவன் மெய்க்கீர்த்தியில் 14ஆம் ஆண்டிலிருந்துதான் விரிவாக வருகிறது. பட்டத்துக்கு வந்த ஆண்டோடு அதைக் கூட்டிப் பின்னால் வந்த அறிஞர்கள் 1025 என்றார்கள். கணக்கு சரிதான். அது கணக்கு என்று தெரிந்து எழுது, போதும்.

மெய்க்கீர்த்தி அரசனைப் புகழ எழுதியது. ஸ்ரீவிஜயம், இலங்காசோகம், கடாரம் என்று ஊர்களை அடுக்கிக்கொண்டே போகும். அங்கே எத்தனை நாள் இருந்தார்கள், ஆட்சி நடத்தினார்களா, பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டால் பேசாது. கடாரம் என்று கருதப்படும் கெடாவிலும் அந்த வெற்றியைச் சொல்லும் சோழர் கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. பால்மரம் வெட்ட வந்த சனத்தின் பிள்ளைகளுக்குக் கடாரம் என்றதும் நெஞ்சு நிமிர்வது எதனால் என்று எனக்கும் தெரியும். அதற்காக ஆய்வேட்டில் மெய்க்கீர்த்தி பாடக் கூடாது.

நீ தொடாமல் விட்ட ஒன்று ஆனைமங்கலச் செப்பேடு. டச்சுக்காரர் லெய்டனுக்குக் கொண்டுபோனதால் பெரிய லெய்டன் செப்பேடு என்றும் சொல்வார்கள். மொத்தம் 21 ஏடு, ராஜேந்திரன் முத்திரை பதித்த வளையத்தில் கோத்தது. 5 ஏடு சமஸ்கிருதம், 16 ஏடு தமிழ். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். அப்பன் கொடுத்ததை மகன் ராஜேந்திரன் செப்பேட்டில் உறுதிப்படுத்தினான். கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியதும் இதே மகன்தான்! பிறகு 1090ஆம் ஆண்டின், முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய லெய்டன் செப்பேட்டைப் பார். கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து கேட்க, அந்த விகாரத்தின் நிலங்களுக்கு வரிச்சலுகை தருகிறார்கள். நன்கொடை, படை, மறுபடி தூது. இந்த மூன்றையும் சேர்த்து வைத்தால் உன் முதல் வரி அப்படியே நிற்குமா என்று யோசி.

பெரிய செப்பேட்டின் சமஸ்கிருதப் பகுதி என்ன சொல்கிறது? கடாரத்து அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் விகாரம் கட்டினான் என்கிறது. தமிழ்ப் பகுதியோ கட்டுவித்தவன் சூளாமணிவர்மன் என்றே நிற்கிறது. ஒரே ஆவணம், ஒரே வளையம், இரண்டு பேச்சு! கட்டி முடிவதற்குள் தந்தை காலமானாரா? எழுதியவர்கள் வேறு வேறு காலத்துச் செய்தியை வைத்திருந்தார்களா? சுருக்கத்தை மட்டும் வாசிக்கிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

தமிழ்ப் பகுதி முதலில் சலிப்புத் தட்டும். 97 வேலிச் சொச்சம் நிலம், 8943 கலமும் சில்லறையும் நெல், எந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, எந்த ஊர் எல்லைக்கு வடக்கு என்று நீண்டுகொண்டே போகும். விடாதே. பெண்யானையை நடத்தி எல்லை சுற்றி, கல்லும் கள்ளியும் நட்டது அங்கேதான் இருக்கிறது. புகழ்ச்சியில் பொய் சொல்லலாம். பக்கத்து ஊர்க்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாய்க்காலை இடம் மாற்றி எழுத முடியாது.

கலை பற்றி நீ ஒரு பத்தியோடு நிறுத்திவிட்டாய். நாகப்பட்டினத்தில் 1856 முதல் வெளிப்பட்ட பௌத்த வெண்கலங்கள் சுமார் 350. பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. புத்தர் தலை உச்சியில் தீக்கொழுந்து எழும். சில பீடங்களில் தமிழ் எழுத்து உண்டு. எழும்பூர் இப்போதைக்கு இல்லையென்றால், கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடைபாதை வழியே மூசியம் நெகாராவுக்குப் போ. பேராக் பீடோரில் ஈயச் சுரங்கத்தில் கிடைத்த எட்டுக் கை அவலோகிதேஸ்வரர் அங்கே இருக்கிறார். விளக்கப் பலகையைப் படிக்குமுன் சிலையைப் பார்: கைகள், சடைமுடி, இடுப்பில் என்ன கட்டியிருக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது. குறிப்பேட்டில் வரைந்து வை, கோணலாக இருந்தால் பரவாயில்லை. நம் பந்திங் சுங்கை லாங் கம்பத்தில் 1964இல் தோண்டியெடுத்த டோங்சோன் முரசுகளையும் விசாரி. உன் தலைப்புக்கு அவை ஆயிரம் ஆண்டு முந்தியவை. ஆனாலும் நம் ஊர்ச் சமாச்சாரம்.

செப்பேட்டின் மூலம் ‘எபிகிராபியா இண்டிகா’ 22ஆம் தொகுதியில் இருக்கிறது, கே.வி. சுப்பிரமணிய ஐயர் பதிப்பித்தது. மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பார். ஆங்கில மொழிபெயர்ப்பைக் கடைசியில் திற. பழைய எழுத்தில் புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும், நடுவில் கிரந்தம் கலக்கும். இரண்டு வாரம் பழகினால் கண் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த முறை வரும்போது தமிழ்ப் பகுதியின் முதல் ஏட்டை உன் கையால் எழுதி எடுத்து வா. புரியாத இடத்தில் கோடு போட்டுவிடு, ஊகித்து நிரப்பாதே. உட்கார்ந்து இருவருமாகப் பார்ப்போம். பெரியம்மா உனக்கு ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், காலி போத்தலைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னாள்.

அன்புடன்,
பெரியப்பா