நீண்ட இரவுகளை யாருக்குக் கொடுக்கிறோம்?

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

புகழ் அனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்களைப் பின்பற்றி வாழும் நல்லடியார்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.



இன்று பயானுக்கு நான் கிதாபைத் திறப்பதற்கு முன்னால், நம் பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையைத் திறந்து பார்த்தேன். ஜூன் மாதக் கடைசியில் நம் சென்னையில் மஃரிப் ஏறக்குறைய 6.40-க்கு. பஜ்ரு நேரம் 4.20-லிருந்து 4.25-க்குள் வந்துவிடுகிறது. இப்போது டிசம்பர் கடைசி. மஃரிப் 5.50-க்கே வந்துவிடுகிறது. பஜ்ரு 5.10 வாக்கில்தான் வருகிறது. மஃரிபுக்கும் பஜ்ருக்கும் இடையில் ஜூனில் ஒன்பதே முக்கால் மணி நேரம். இப்போது பதினொன்றேகால் மணிக்கும் மேல். அதாவது ஒன்றரை மணி நேரம் நமக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

லண்டனில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே டிசம்பரில் இரவு 16 மணி நேரம். நார்வேயின் வடகோடியில் இரண்டு மாதத்துக்குச் சூரியனே தலைகாட்டாது. அவர்களோடு ஒப்பிட்டால் நம் ராயபுரத்தின் இரவு நீண்ட இரவே அல்ல. குளிரும் அப்படித்தான். 20 டிகிரிக்கு இறங்கினாலே நாம் காதில் மப்ளர் கட்டிக்கொள்கிறோம்! ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கும் மறுமையில் கணக்குக் கேட்கப்படும். அதை யாருக்குக் கொடுத்தோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

குளிர்காலம் முஃமினுக்கு வசந்தகாலம் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் முஸ்னத் அஹ்மதில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பகல் குறைவதால் நோன்பு எளிதாகிறது, இரவு நீள்வதால் வணக்கம் எளிதாகிறது என்பதை முன்னோர்கள் வாழ்ந்தே காட்டினார்கள்.

நான்கரை மணியின் இரகசியம்

இரவின் கடைசி மூன்றில் ஒரு பகுதியில் அல்லாஹ் கீழ்வானத்திற்கு இறங்கி, கேட்பவர் உண்டா, மன்னிப்புத் தேடுபவர் உண்டா என்று அழைக்கிறான் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அந்தக் கடைசிப் பகுதி இந்த மாதத்தில் எப்போது தொடங்குகிறது? கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1.20-க்கு. முடிவது 5.10-க்கு.

ஜூன் மாதத்தில் 4.30-க்கு எழுந்தால் பஜ்ரு வந்திருக்கும், தஹஜ்ஜுத் போயிருக்கும். இப்போது அதே 4.30-க்கு எழுந்தால் நாற்பது நிமிடம் கையில் இருக்கிறது. தூக்கத்தைப் பெரிதாகத் தியாகம் செய்யவே தேவையில்லை. ஹஜ்ரத், எனக்குத் தஹஜ்ஜுத் பழக்கமே இல்லை என்று சொல்கிறவர்களுக்கு, வருடத்திலேயே எளிதான வாசல் இதுதான். இரண்டு ரக்அத் போதும்.

நோன்பும் அப்படித்தான். இப்போது ஒரு நோன்பு ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம். ஜூனில் 14 மணிக்கும் மேல், அதுவும் அக்னி வெயிலின் மிச்சத்தோடு. ரமளானில் விடுபட்ட நோன்புகளைக் களாச் செய்ய வேண்டிய நம் வீட்டுப் பெண்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. ஆண்களே, அவர்கள் நோன்பு வைக்கும் நாளில் ஸஹர் சமையலில் நீங்களும் ஒரு கை கொடுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் ஓர் இரவு

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, தம் சிற்றன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் ஓர் இரவு தங்கினார்கள். மைமூனா (ரலி) நபி (ஸல்) அவர்களின் துணைவியார். அந்த இரவில் பார்த்ததை இப்னு அப்பாஸ் (ரலி) பெரியவரான பின்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புகாரியில் பல இடங்களில் அது பதிவாகியிருக்கிறது.

அந்த இரவில் முதலில் நடந்தது என்ன தெரியுமா? நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியோடு சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு உறங்கினார்கள். இரவின் கடைசிப் பகுதியில் எழுந்து, வானத்தைப் பார்த்து, ஆல இம்ரான் சூராவின் கடைசி வசனங்களை ஓதினார்கள். உளூச் செய்து தொழுகைக்கு நின்றார்கள். சிறுவரும் எழுந்து போய் இடப்பக்கம் நின்றார். நபியவர்கள் அவருடைய காதை மெதுவாகப் பிடித்து வலப்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பேச்சு, உறக்கம், தொழுகை. மூன்றுக்கும் அந்த இரவில் இடம் இருந்தது. இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண் பேச்சையும் நபியவர்கள் வெறுத்தார்கள் என்று அபூபர்ஸா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆனால் குடும்பத்தோடு பேசுவதை வீண் பேச்சில் அவர்கள் சேர்க்கவில்லை. நம் வீட்டில் என்ன நடக்கிறது? இஷா முடிந்து வந்தால் அத்தா கையில் ஒரு போன், அம்மா கையில் ஒரு போன், பிள்ளைகள் போர்வைக்குள் இன்னொரு போன். ஒரே அறையில் நான்கு பேர், நான்கு ஊர்களில் இருக்கிறோம். கிடைத்த ஒன்றரை மணி நேரம் முழுவதும் அந்தச் சின்னத் திரைக்குள் போய்விடுகிறது. நமக்குத் தொழுகையும் கிடைக்கவில்லை, தூக்கமும் கிடைக்கவில்லை, பிள்ளைகளும் கிடைக்கவில்லை.

மூன்று ஷிப்ட் ஓடிய வீடு

நம் பகுதிக்கு ஷிப்ட் என்றால் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையமாக இருக்கட்டும், மணலியாக இருக்கட்டும், துறைமுகமாக இருக்கட்டும், மூன்று ஷிப்ட் இல்லாமல் ஓடாது. அபூஹுரைரா (ரலி) அவர்களின் வீட்டிலும் மூன்று ஷிப்ட் ஓடியது! அபூஉஸ்மான் அந்நஹ்தீ (ரஹ்) அவர்கள் அந்த வீட்டில் ஏழு நாள் விருந்தாளியாக இருந்து பார்த்தார்கள். அபூஹுரைரா (ரலி), அவர்களின் மனைவி, அவர்களின் பணியாளர் ஆகிய மூவரும் இரவை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் தொழுது முடித்து அடுத்தவரை எழுப்புவார். இது புகாரியில் இருக்கிறது. அந்த வீட்டில் இரவு முழுக்க யாராவது ஒருவர் அல்லாஹ்வின் முன் நின்றுகொண்டே இருந்தார்.

இங்கே ஒரு கேள்வி வரும். "ஹஜ்ரத், எனக்கு நைட் ஷிப்ட். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரியோடு வரிசையில் நிற்கிறேன். காசிமேட்டில் விடியலுக்கு முன்னால் ஏலத்துக்கு நிற்கிறேன். எனக்கு ஏது தஹஜ்ஜுத்?"

சகோதரரே, உங்களுக்காகவே ஒரு வசனம் இறங்கியிருக்கிறது. முஸ்ஸம்மில் சூராவின் தொடக்கத்தில் இரவில் நின்று வணங்கும்படி கட்டளை வந்தது. அதே சூராவின் 20-வது வசனத்தில் அல்லாஹ் அதை இலேசாக்குகிறான். காரணத்தையும் அவனே சொல்கிறான்: உங்களில் நோயாளிகள் இருப்பார்கள், அல்லாஹ்வின் அருளைத் தேடிப் பூமியில் பயணம் செய்பவர்கள் இருப்பார்கள், அவனுடைய பாதையில் போராடுபவர்கள் இருப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே இயன்றதை ஓதுங்கள் என்கிறான். ஹலாலான சம்பாத்தியத்துக்காகச் சாலையில் நிற்பவரை அல்லாஹ் எங்கே வைத்திருக்கிறான் பாருங்கள். போராளிக்குப் பக்கத்தில்!

இஷாவை ஜமாஅத்தோடு தொழுதவர் பாதி இரவு நின்று வணங்கியவரைப் போல, பஜ்ரையும் ஜமாஅத்தோடு தொழுதவர் முழு இரவும் நின்றவரைப் போல என்று உஸ்மான் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. வேலை செய்யும் இடத்தில் இரண்டு பேர் சேர்ந்தாலே ஜமாஅத்துதான். லாரி கேபினில் இருந்து திக்ரு செய்ய யாரும் தடை போடவில்லை.

பயம் தந்த இரவுகள்

அன்பானவர்களே! நம் பகுதியின் டிசம்பர் இரவுகளைப் பற்றிப் பேசும்போது இனிமையானதை மட்டும் பேச முடியாது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். பல தெருக்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. வெள்ளத்தோடு எண்ணெய்யும் கலந்து வந்து எண்ணூர் கழிமுகத்தில் மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. அது அடங்குவதற்குள் டிசம்பர் 26 நள்ளிரவில், கடலுக்கடியில் போகும் ஒரு தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இன்றும் இரவில் ஏதாவது நெடி வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிற தாய்மார்கள் அங்கே உண்டு.

மதீனாவிலும் அப்படி ஓர் இரவு வந்தது. அனஸ் (ரலி) சொல்கிறார்கள்: இரவில் ஒரு பெரும் சத்தம் கேட்டு ஊரே பயந்தது. மக்கள் சத்தம் வந்த திசையை நோக்கிப் புறப்பட்டார்கள். வழியில் எதிரே நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்பே, அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில், சேணம்கூடப் போடாமல் ஏறி, போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள். பயப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார்கள்.

இரவு வணக்கத்தில் கால் வீங்க நின்றவர்கள்தான் இரவில் ஊருக்கு ஆபத்து என்றதும் முதலில் ஓடினார்கள். இரண்டும் ஒரே மனிதரின் இரவுதான். பக்கத்துக் குப்பத்தில் மக்கள் ஓடி வரும்போது, அவர்கள் எந்த மதத்தவர் என்று பார்க்காமல் கதவைத் திறப்பதும் இரவு வணக்கத்தின் பலன்தான்.

மார்க்கம் எவ்வளவு நுணுக்கமானது பாருங்கள். குளிரும் மழையும் காற்றுமான இரவில், உங்கள் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்கும்படி நபியவர்கள் முஅத்தினிடம் சொல்வார்கள் என இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். புயல் இரவில் தண்ணீரில் இறங்கி, அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தாண்டிப் பள்ளிக்கு வர வேண்டும் என்று யாரும் நினைக்காதீர்கள். உறங்கும்முன் விளக்கை அணைத்துவிடச் சொன்னார்கள். எலி திரியை இழுத்துப்போய் வீட்டை எரித்துவிடலாம் என்று காரணமும் சொன்னார்கள். கரண்ட் போன இரவில் மெழுகுவத்தியை எரியவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன எச்சரிக்கை வேண்டும்? ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு நெடி இருக்காது; தெரியாமலேயே தூக்கத்தில் உயிர் போகும். அம்மோனியா நெடி வந்தால் ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். மார்கழியில் பனியோடு புகையும் மேலே போகாமல் தரையோடு தங்கிவிடுகிறது. குளிர் காய்வதற்காக டயரையும் குப்பையையும் கொளுத்தாதீர்கள். பக்கத்து வீட்டில் இளைப்பு உள்ள பெரியவர் ஒருவர் இருக்கிறார்.

காலியான படிக்கட்டு

மிக்ஜாம் நேரத்தில் நான் குடியிருந்த கட்டடத்திலும் கரண்ட் இல்லை. இரண்டாம் நாள் எல்லார் போனும் செத்துவிட்டது. இஷா தொழுதுவிட்டு வந்தால் மாடிப்படிக்கட்டில் எல்லா வீட்டு ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வீட்டில் கேஸ் இருந்தது, அங்கே டீ போட்டார்கள். மேல்மாடியில் தனியாக இருந்த பெரியம்மா பிள்ளைகளுக்குப் பழைய கதைகளைச் சொன்னார்கள். அந்த அம்மாவின் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எத்தனையோ வருடம் ஒரே படியில் ஏறி இறங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் இரவு கரண்ட் வந்தது. எல்லாரும் சந்தோஷத்தில் சத்தம் போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் படிக்கட்டு காலியாகிவிட்டது. நானும் உள்ளே போய்விட்டேன். அந்தப் பெரியம்மா மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே ஏறினார்கள். இதை உங்களுக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. என்மீது உள்ள குற்றமாகச் சொல்கிறேன். இருட்டில் அண்டைவீட்டாரின் ஹக்கு எனக்குத் தெரிந்தது. வெளிச்சம் வந்ததும் மறந்துபோனது.

இந்தப் பருவத்துக்கு நான்கு காரியங்கள்

ஆகவே ஜமாஅத்தார்களே, பொங்கல் வரைக்குமாவது இந்த நான்கையும் செய்வோம்.

ஒன்று, இஷாவுக்குப் பிறகு அரை மணி நேரம் வீட்டில் எல்லாப் போனையும் ஓர் இடத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகளோடு பேசுவோம்.

இரண்டு, வாரத்தில் இரண்டு நாளாவது 4.30-க்கு எழுந்து இரண்டு ரக்அத் தொழுவோம். வீட்டில் ஒருவர் மற்றவரை அன்போடு எழுப்புவோம்.

மூன்று, களா நோன்பு உள்ளவர்கள் இந்தக் குறுகிய பகல்களில் அதை முடித்துக்கொள்வோம்.

நான்கு, கரண்ட் போவதற்குக் காத்திருக்காமல், தனியாக இருக்கும் ஒரு பெரியவரின் கதவை இந்த வாரமே தட்டுவோம். நைட் ஷிப்ட் போகும் அண்டைவீட்டுக்காரரின் பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்களா என்று விசாரிப்போம்.

யா அல்லாஹ்! நீ கூட்டிக் கொடுத்த இந்த இரவுகளை வீணாக்கியவர்களாக எங்களை ஆக்கிவிடாதே. கடலிலும் சாலையிலும் ஆலையிலும் விழித்திருக்கும் எங்கள் சகோதரர்களைப் பாதுகாப்பாயாக. புயலையும் விஷக்காற்றையும் எங்கள் ஊரைவிட்டு அகற்றுவாயாக. தனிமையில் இருப்பவர்களுக்கு எங்களைத் துணையாக்குவாயாக. எங்கள் கப்ரின் இருட்டுக்கு இந்த இரவுகளின் தொழுகையை வெளிச்சமாக்குவாயாக. ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.