மணமகளுக்கு வயது கூடுதலா?



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் சம்பந்தம் பேசும் வீடுகளில் பயோடேட்டாவை வாங்கியதும் கண் முதலில் போவது பிறந்த தேதிக்குத்தான். பெண் ஒரு வயது மூத்தவர் என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கணவரை இழந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். அதே வீட்டில் பேத்திக்குக் கதீஜா என்று ஆசையாகப் பெயர் வைத்திருப்பார்கள்!

நபி (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களை மணந்தபோது நபியவர்களுக்கு வயது 25. அன்னைக்கு 40 என்பதே பரவலான கருத்து. 28 என்ற அறிவிப்பும் உண்டு. எப்படியானாலும் அன்னைதான் மூத்தவர். முன்பே மணமாகிக் கணவரை இழந்தவர். தோழி நஃபீஸா மூலம் திருமணப் பேச்சைத் தொடங்கியதும் அன்னைதான். அன்னை வஃபாத்தாகும்வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள், நபியவர்கள் வேறொரு பெண்ணை மணக்கவில்லை. ஹிராவிலிருந்து நடுங்கியபடி வந்த கணவரைப் போர்த்தி, தைரியம் சொல்லி, வரகா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார் அன்னை. அன்னை மறைந்த பிறகும் ஆடு அறுத்தால் அவரின் தோழிகளுக்கு ஒரு பங்கு போகும். தாம் பார்த்தேயிராத கதீஜா மீது ரோஷப்பட்டதை ஆயிஷா (ரலி) அவர்களே சொல்லியிருக்கிறார்கள் (புகாரி).

இன்னொருவர் ஜாபிர் (ரலி). உஹதில் தந்தை ஷஹீதானார். வீட்டில் பல சகோதரிகள். அவர் முன்பு மணமான பெண்ணை மணந்தார். நபியவர்கள் காரணம் கேட்டபோது, சகோதரிகளின் வயதிலேயே ஒருத்தியைக் கொண்டுவர மனமில்லை, அவர்களுக்குத் தலைவாரிப் பராமரிக்க ஒருவர் வேண்டும் என்றார். நபியவர்கள் அதைச் சரிகண்டார்கள்.

மாப்பிள்ளை 15, 20 வயது மூத்தவராக வரும் சம்பந்தங்களும் உண்டு. மார்க்கத்தில் தடையில்லை. ஆனால் பெண்ணுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும், அவள் மனதார சம்மதிக்க வேண்டும். அவள் பிற்காலத்தில் தனியே வாழ நேரலாம் என்பதையும் யோசியுங்கள். மஹரை உடனே வாங்குங்கள். பாக்கி வைத்தால் தொகையை ஜமாஅத் தப்தரில் எழுதச் சொல்லுங்கள். கணவர் இறந்தால் அது கடன். கடனைத் தீர்த்த பிறகே சொத்துப் பங்கீடு. கணவருக்குப் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லையென்றால் நான்கில் ஒன்று (குர்ஆன் 4:12). முதல் தாரத்துப் பிள்ளைகள் மட்டும் இருந்தாலும் எட்டில் ஒன்றுதான். நிக்காஹ் நாள் குறிப்பதற்கு முன்பே இதைப் பெண்ணிடம் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்.